118 நாடுகளுக்கு ஆசனம் எங்கே?

உலகத்தில் இன்று ஒரு புதிய சட்டம் எழுதப்பட்டு வருகின்றது. எழுதுவோர் சிலர், அதற்குக் கட்டுப்பட்டு வாழப்போவோர் எல்லோரும். செயற்கை நுண்ணறிவு என்று பெயர் பெற்றுவிட்ட இயந்திர அறிவை எவர் ஆள்வது, எவ்விதம் ஆள்வது என்பதே அச்சட்டத்தின் பொருள். ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகம் நியமித்த 39 பேர் கொண்ட ஆலோசனைக் குழு 2024 செப்டெம்பரில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. அச்சபைக்கு வெளியே இவ்விடயம் பற்றிச் செய்யப்பட்ட முக்கியமான ஏழு முயற்சிகளைக் குழுவினர் எடுத்து ஆராய்ந்தனர். ஏழிலும் இடம்பெற்ற நாடுகள் ஏழே ஏழு: அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்சு, ஜேர்மனி, இத்தாலி, கனடா, யப்பான். ஒன்றிலேனும் இடம்பெறாத நாடுகள் 118. அந்த 118 இல் இலங்கையும் ஒன்று.

இதைக் கேட்டு எமது கமக்காரர் ஒருவர், "வெங்காயத்துக்கு விலையில்லை, மண்ணெண்ணெய்க்கு விலையேறுகிறது, இந்த இயந்திரக் கதை எனக்கெதற்கு?" என்று வினவக்கூடும். வினா நியாயமானது. அதற்கு விடை சொல்லாமல் உலக மாநாடுகளைப் பற்றி எழுதுவது வீண். எனவே விடையை முதலில் சொல்வோம்.

ஒல்லாந்து தேசத்தை எடுத்துக்கொள்வோம். செல்வமும் கல்வியும் நீதிமன்ற ஒழுங்கும் நிறைந்த நாடு அது. அங்கே குழந்தைகளைப் பராமரிக்க அரசு பெற்றோருக்கு உதவிப்பணம் வழங்குகின்றது. அவ்வுதவியைப் பொய் சொல்லிப் பெறுவோர் எவர் என்று கண்டுபிடிக்க வரித் திணைக்களம் ஒரு கணிப்பு முறையை இயக்கியது. இன்னார் மீது சந்தேகம் கொள்க என்று அது புள்ளியிட்டுக் கொடுத்தது. ஒல்லாந்தக் குடியுரிமை இல்லாமை அப்புள்ளியைக் கூட்டும் காரணங்களில் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மோசடிக்காரர் எனப்பட்டன. எந்தக் காரணத்தால் தாம் பிடிபட்டோம் என்பதை அறிய அவர்களுக்கு வழியில்லை. வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கொடு என்ற கட்டளை மாத்திரம் வந்தது. கடன்பட்டார், வீடிழந்தார், மணவாழ்வு முறிந்தார் எத்தனையோ பேர். பிள்ளைகளும் பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். ஈற்றில் 2021 சனவரியில் அந்நாட்டு மந்திரிசபையே இராஜினாமாச் செய்தது.

அதே நாட்டில் வேறொரு கணிப்பு முறையும் இருந்தது. அதன் பெயர் சிரி. பல திணைக்களங்களில் கிடந்த விபரங்களை ஒன்றாய்க் குவித்து, எவர் சமூகநல உதவியில் மோசடி செய்யக்கூடும் என்று முன்கூட்டியே சொல்வது அதன் வேலை. செல்வர் வாழும் வீதிகளில் அது இயக்கப்படவில்லை. ஏழைகள் வாழும் பகுதிகளையே தேடிச் சென்றது. மனித உரிமைச் சங்கங்களும் ஒரு தொழிற்சங்கமும் வழக்குத் தொடுத்தன. வறுமை பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளராயிருந்த பிலிப் அல்ஸ்டன் நீதிமன்றுக்குத் தமது கருத்தை எழுத்தில் அனுப்பினார். 2020 பெப்ரவரி 5 ஆம் நாள் ஹேக் மாவட்ட நீதிமன்று தீர்ப்பளித்தது: அம்முறைக்கு இடமளித்த சட்டவிதி ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயத்தின் 8 ஆம் உறுப்புரைக்கு முரணானது, ஆகவே செல்லாது. அரசாங்கம் மேன்முறையீடு செய்யவில்லை.

சட்டம் பயின்றோர் இத்தீர்ப்பில் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. சிரியை நிறுவிய சட்டத்தை இயற்றியது ஒல்லாந்துப் பாராளுமன்றம். பாராளுமன்றத்தின் சட்டத்தை ஒரு மாவட்ட நீதிபதி எப்படி வெட்டினார்? அவர் கையில் ஒரு சர்வதேச உடன்படிக்கை இருந்தது. அந்நாடு அதில் ஒப்பமிட்டிருந்தது; தன் சட்டத்துக்கு மேலாக அதை ஏற்றுமிருந்தது. சர்வதேச ஒத்துழைப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் விருந்தும் விமானப் பிரயாணமும் கூட்டுப் புகைப்படமுமே எம் மனதில் தோன்றுகின்றன. தோன்றுவதில் குற்றமில்லை, பல மாநாடுகள் அவ்வளவே. ஆனால் உரிய முறையில் எழுதப்பட்ட உடன்படிக்கை ஒன்று, ஏழைக் குடியானவனின் வழக்கறிஞர் கையில் ஓர் ஆயுதமாகவும் ஆகின்றது. இதுவே கமக்காரருக்கு எமது விடை.

எமது நாட்டிலும் இதன் சாயலைக் கண்டோம். 2023 இல் அஸ்வெசும உதவிக்குத் தகுதியானோரைத் தெரிவுசெய்ய ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளியிடப்பட்டது. பட்டியல் வெளியானதும் மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. அது செயற்கை நுண்ணறிவன்று. வெறும் கூட்டல் கழித்தல்தான். கூட்டல் கழித்தலுக்கே இத்தனை மனு என்றால், எதைக் கூட்டியது எதைக் கழித்தது என்று செய்தவனுக்கே விளங்காத இயந்திரம் அந்த ஆசனத்தில் அமரும் நாளில் நிலைமை என்னவாகும்?

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில், திகனையிலும் சுற்றுப்புறங்களிலும், முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. அவ்வேளை பகையை மூட்டும் எழுத்துகள் முகநூலிற் பரவின. எந்த எழுத்தை எவர் கண்ணுக்கு முதலிற் காட்டுவது என்பதை அங்கே தீர்மானிப்பது ஓர் இயந்திரக் கணிப்பு. சிங்களத்தில் எழுதப்பட்ட அவ்வெழுத்துகளைப் பற்றி இலங்கையர் செய்த முறைப்பாடுகளை உடனுக்குடன் வாசித்து விளங்க அக்கொம்பனியிடம் அம்மொழி தெரிந்தோர் போதிய அளவு இருக்கவில்லை. அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து, முகநூலைச் சில நாட்கள் அடைத்து வைத்தது. 2020 மே மாதத்தில் கொம்பனி தன் மேடை தவறாகப் பயன்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு வந்தது, நட்டஈட்டுக்கு எந்த நீதிமன்றுக்குப் போவது? கலிபோர்னியாவைத் தலைமையிடமாய்க் கொண்ட கொம்பனி, எங்கோ இருக்கும் இயந்திரம், தெல்தெனியாவில் எரிந்த கடை. இம்மூன்றையும் ஒரே வழக்கேட்டில் சேர்க்கும் நியாயாதிக்கம் எமது எந்த மன்றுக்கு இருக்கின்றது?

தனி நாடு ஒன்றின் சட்டம் இவ்விடயத்தில் தனித்து நிற்க முடியாதென்று நாம் கூறுவதற்கு இதுவே காரணம். இயந்திரம் ஒரு தேசத்தில். அதன் உடைமையாளர் வேறொரு தேசத்தில். அதற்குப் பாடம் புகட்டிய எழுத்தும் படமும் உலகெங்கிலுமிருந்து வாரியவை. அந்தப் பாடத்தில் உள்ள அருவருப்பை வாசித்துப் பிரித்தெடுத்த கூலியாட்கள் நைரோபியில் மணிக்கு 2 டொலருக்கும் குறைந்த சம்பளத்துக்கு உழைத்தார்கள் என்பது 2023 சனவரியில் வெளிவந்த செய்தி. தேயிலைத் தோட்டத்தின் கதையை அறிந்த எம்மவர்க்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

தமிழருக்கு இதில் தனிப்பட்ட கணக்கும் உண்டு. இவ்வியந்திரங்கள் வாக்கியத்தைச் சிறு துண்டுகளாக வெட்டியே வாசிக்கின்றன. துண்டுக்கு இவ்வளவு என்றே காசும் அறவிடப்படுகின்றது. 2024 மே மாதத்தில் ஓப்பன் ஏஐ என்னும் அமெரிக்கக் கொம்பனி தனது புதிய இயந்திரத்தை அறிமுகஞ் செய்தபோது தானே ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. ஒரு சிறு முகமன் உரை. அதன் முந்திய முறையில் ஆங்கிலத்தில் 27 துண்டு; தமிழில் 116 துண்டு. புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35. முன்னேற்றமே, மறுக்கவில்லை. ஆயினும் ஒரே பேச்சைப் பேச ஆங்கிலேயனைவிட நான்கு மடங்குக்கு மேலாகத் தமிழனிடம் கட்டணம் கேட்கும் ஒரு பொறி, எவருடைய அனுமதியுமின்றி உலகச் சந்தையில் உலாவியது. அதைத் திருத்தியதும் கொம்பனியின் விருப்பமே. திருத்தாமல் விட்டிருந்தாலும் கேட்க எவருமில்லை. மொழியுரிமை பற்றி நாம் பேசும்போது அரச கரும மொழியை மாத்திரம் எண்ணுகின்றோம். நாளைக்கு வைத்தியசாலையிலும் வங்கியிலும் நீதிமன்றப் பதிவகத்திலும் இவ்வியந்திரங்கள் இடம்பிடிக்குமாயின், அவை தமிழை எவ்வளவு விளங்கிக்கொள்கின்றன என்பதும் மொழியுரிமையே.

இனி, மாநாடுகளைப் பார்ப்போம். 2023 நவம்பரில் பிரித்தானியாவின் பிளெச்லி பார்க்கில் 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரு பிரகடனத்துக்கு இணங்கின. அமெரிக்காவும் சீனாவும் ஒரே தாளில் இணங்கியது சிறிய காரியமன்று. 2024 மே மாதத்தில் சியோலில் 16 கொம்பனிகள் சில வாக்குறுதிகளை அளித்தன. 2025 பெப்ரவரியில் பாரிசில் பிரான்சும் இந்தியாவும் கூட்டாகத் தலைமை தாங்கிய மாநாட்டின் அறிக்கையில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஒப்பமிட மறுத்தன. அதே ஆண்டு யூலை 23 இல் அமெரிக்கா, இந்தப் போட்டியில் தானே வெல்லவேண்டும் என்று ஒரு திட்டத்தை வெளியிட்டது. மூன்று நாள் கழித்து யூலை 26 இல் சீனா, இதற்கென ஓர் உலக ஒத்துழைப்பு நிறுவனத்தை அமைப்போம் என்று ஷங்காயில் அறிவித்தது. ஒருவர் ஓட்டப்பந்தயம் என்கிறார்; மற்றவர் சங்கம் என்கிறார். இருவரும் கேட்பது தலைமையை. பிளெச்லியிலிருந்து பாரிசுக்கு வந்து சேர்ந்த பதினைந்து மாதங்களில் பாதை முன்னோக்கிச் சென்றதாக எவரும் சொல்ல முடியாது.

கட்டுப்படுத்தும் சட்டம் என்று சொல்லத் தக்கவை மிகச் சில. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 ஓகஸ்ட் 1 இல் நடைமுறைக்கு வந்தது. தடைசெய்யப்பட்ட பயன்பாடுகளுக்கான அதிகூடிய தண்டம் 35 மில்லியன் யூரோ அல்லது கொம்பனியின் உலக வருமானத்தில் 7 சதவீதம், எது கூடியதோ அது. அச்சட்டத்தின் பகுதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி வகுக்கப்பட்டன. அதைவிட எமக்கு முக்கியமானது ஐரோப்பிய கவுன்சிலின் சமவாயம். 2024 செப்டெம்பர் 5 ஆம் நாள் வில்னியசில் ஒப்பத்துக்கு வைக்கப்பட்டது. மனித உரிமை, சனநாயகம், சட்டத்தின் ஆட்சி ஆகிய மூன்றையும் செயற்கை நுண்ணறிவோடு இணைத்து, அரசுகளைக் கட்டுப்படுத்தும் வடிவில் எழுதப்பட்ட முதலாவது சர்வதேச உடன்படிக்கை அதுவே. ஐரோப்பாவுக்கு வெளியிலுள்ள நாடுகளும், அது நடைமுறைக்கு வந்த பின்னர் அழைப்பின்பேரிற் சேர அதில் வழியுண்டு. அதன் குறை என்னவெனில், அரசைக் கட்டுமளவுக்குக் கொம்பனிகளை அது நேராகக் கட்டவில்லை. தனியார் விடயத்தில் எவ்வழியைக் கைக்கொள்வது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் ஒவ்வொரு நாட்டுக்கும் விடப்பட்டிருக்கின்றது.

ஐக்கிய நாடுகள் சபையோ மெதுவாகவேனும் எல்லோரையும் அழைக்கின்றது. 2025 ஓகஸ்ட் 26 இல் பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம், 40 விஞ்ஞானிகளும் அறிஞரும் கொண்ட ஒரு சுயாதீன மன்றத்தையும், சகல நாடுகளும் கலந்துகொள்ளும் உலக உரையாடல் ஒன்றையும் உண்டாக்கியது. உரையாடல் 2026 இல் ஜெனிவாவிலும் 2027 இல் நியூயோர்க்கிலும் கூடுமென வகுக்கப்பட்டது. 118 நாடுகளுக்கும் கதவு திறந்த ஒரே மண்டபம் அதுதான்.

"வல்லரசுகள் ஒப்பாத சட்டத்தால் என்ன பயன்? சிற்றெறும்பு கூடி யானைக்குச் சங்கிலி செய்வதா?" என்று நகைப்போர் எம்மிடையேயும் உண்டு. அவர்களுக்குக் கடற் சட்டத்தின் வரலாற்றை நினைவூட்டுகின்றோம். 1967 இல் மால்ற்றா என்னும் சிறு தீவின் பிரதிநிதி ஆவிட் பாடோ ஐ.நா. வில் எழுந்து, ஆழ்கடலின் அடித்தளம் மனித குலம் முழுவதன் பொதுச் சொத்து என்றார். அன்றைக்கு அடித்தளத்தைத் தோண்டும் ஆற்றல் மால்ற்றாவுக்குமில்லை, எமக்குமில்லை, ஆற்றலுள்ளோர் ஒருசிலரே. இன்றைய இயந்திர அறிவின் நிலையும் ஏறக்குறைய அதுவே. அதன் பின் 1973 இல் தொடங்கிய மூன்றாவது கடற் சட்ட மாநாட்டின் தலைவராய் அமர்ந்தவர் எவர்? இலங்கையரான சேர்லி அமரசிங்கா. 1980 இல் தாம் மறையும்வரை அவரே அம்மாநாட்டை நடத்தினார். 1982 இல் சமவாயம் ஒப்பமாயிற்று; 1994 இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா அதில் இன்னும் சேரவில்லை. ஆயினும் அதன் பெரும்பாலான விதிகளை வழமைச் சட்டமாக ஏற்றே அமெரிக்கக் கப்பல்களும் நடக்கின்றன. 200 கடல்மைல் பொருளாதார வலயம் என்ற சொல்லைச் சொல்லி எமது வடகரை மீனவர் இன்று உரிமை கேட்கின்றாரென்றால், அந்தச் சொல் அந்த மண்டபத்திலேதான் சட்டமாயிற்று.

இருபது வருடங்களுக்கு மேலாகச் சென்றது அந்த முயற்சி. இயந்திரம் அவ்வளவு காலம் காத்திராது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். அணுவாயுதத்தோடு இதை ஒப்பிட்டு, ஓர் அணுசக்தி முகவரகத்தைப் போல் ஒன்றை அமைத்தாற் போதும் என்போருமுண்டு. யுரேனியத்தை நிறுக்கலாம், பூட்டி முத்திரையிடலாம். கணிப்பு முறையைப் பிரதி செய்து ஒரு நொடியில் கடல் தாண்டி அனுப்பலாம். மேலும் 1968 இன் அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கை, வைத்திருப்போர் வைத்திருக்க, இல்லாதோர் இல்லாமலே இருக்க வேண்டுமென்று உலகை இரண்டாகப் பிரித்தது. அந்தப் பிரிவினையை இன்னொரு முறை ஏற்க நாம் எதற்காக ஒப்பமிட வேண்டும்?

எல்லாவற்றிலும் எமக்குக் கூடிய கவலை தருவது ஓர் ஓட்டை. மேலே சொன்ன மூன்று ஆவணங்களையும் சட்டக் கண்கொண்டு வாசித்தோர் அதைக் கண்டிருப்பர். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இராணுவத்தையும் பாதுகாப்பையும் தேசியப் பந்தோபஸ்தையும் தன் எல்லைக்கு வெளியே விட்டது. ஐரோப்பிய கவுன்சிலின் சமவாயம் தேசப் பாதுகாப்பை விட்டது. தேசியப் பந்தோபஸ்துக்கான காரியங்களில் சமவாயத்தைப் பிரயோகிக்கும் கடப்பாட்டையும் தளர்த்தியது. ஐ.நா. வின் புதிய மன்றமும் உரையாடலும் இராணுவம் சாராத துறைக்கு மாத்திரமே உரியவை. மூன்று வீட்டுக்கும் முன்கதவில் மூன்று பூட்டு; மூன்றுக்கும் பின்கதவு ஒன்றே. மனிதன் கட்டளையிடாமல் தானே இலக்கைத் தெரிந்து சுடும் ஆயுதங்களைப் பற்றி ஜெனிவாவில் 2014 தொட்டுப் பேசுகின்றார்கள். அங்கே எல்லோரும் ஒருமித்தாலன்றி எதுவும் நிறைவேறாது. 2026 க்குள் சட்டபூர்வமான தடை வேண்டும் என்று செயலாளர் நாயகமும் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவின் தலைவரும் 2023 ஒக்டோபரில் கூட்டாக வேண்டியது இக்காரணத்தினாலேயே.

தேசியப் பந்தோபஸ்து என்ற இரு சொற்களின் பொருளை இத்தீவின் தமிழருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் மூன்றாண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்டது. 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. அத்தகைய ஒரு சட்டத்தின் நிழலில் முகத்தைக் கண்டு பெயர் சொல்லும் கமராவும், தொலைபேசிப் பேச்சைக் கேட்டு ஆபத்தானவன் என்று புள்ளியிடும் இயந்திரமும் இயங்குமாயின், நீதிமன்றில் குறுக்கு விசாரணை செய்ய யாரைக் கூண்டில் ஏற்றுவது? உத்தியோகத்தனையாவது கேள்வி கேட்கலாம்.

ஆகவே நாம் அரசாங்கத்திடம் கேட்பவை திட்டமானவை. இணையக் குற்றங்கள் பற்றிய புடாப்பெஸ்ற் சமவாயம், இதே ஐரோப்பிய கவுன்சிலின் சமவாயம், அதில் இலங்கை 2015 இல் சேர்ந்தது. குற்றவாளியைப் பிடிக்கும் அதிகாரத்தைத் தரும் உடன்படிக்கையில் விரைந்து சேர்ந்த நாடு, குடிமகனுக்குப் பரிகாரம் தரும் வில்னியஸ் சமவாயத்திலும் சேர்வதற்கு ஆயத்தம் என்று வெளிப்படையாக அறிவிக்கட்டும். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், இயந்திரம் மாத்திரம் செய்த தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கோரும் உரிமை எழுதப்பட்டிருக்கின்றது. அச்சட்டத்தின் முக்கிய பகுதிகளை நடைமுறைப்படுத்துவதோ 2025 இல் பின்போடப்பட்டது. நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 சனவரியில் எவ்வளவு அவசரமாக நிறைவேறியது என்பதை நாடு கண்டது. பேச்சைக் கட்டுப்படுத்த அவசரம். பேசுவோனைக் காப்பாற்றத் தாமதம். உள்நாட்டில் இந்த நிலை இருக்க, உலக மண்டபத்தில் இலங்கையின் பிரதிநிதி எதைப் பேசுவார்?

அவர் அங்கே பேசவேண்டியவற்றில் மூன்றையேனும் எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் சபையிலே கேட்டு வாங்கவேண்டும். உலகில் விற்கப்படும் பெரிய இயந்திரம் எதுவும் விற்பனைக்கு முன் செய்யப்படும் பாதுகாப்புச் சோதனை ஆங்கிலத்தோடு நின்றுவிடலாகாது. தமிழிலும் சிங்களத்திலும் அதன் பெறுபேறு வெளியிடப்படவேண்டும். இயந்திரத்தின் தீர்மானத்தால் நட்டமடைந்தவர் தமது ஊரின் மன்றிலேயே வழக்கிடக் கொம்பனிகள் உடன்படவேண்டும். தேசியப் பந்தோபஸ்து விலக்கு, நீதிபதியின் பார்வைக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும். இந்த மூன்றில் முதலாவதை இந்தியாவும் சிங்கப்பூரும் தம் நலன் கருதியே ஆதரிக்க இடமுண்டு. தமிழ் சிங்கப்பூரின் உத்தியோக மொழிகளில் ஒன்று; இந்தியாவிலும் தமிழ்நாட்டின் உத்தியோக மொழி. மூன்றாவதுக்கு எந்த அரசும் எளிதில் இணங்காது என்பதையும் நாம் அறிவோம். அதனாலேயே அதை முதலில் எழுப்பவேண்டும்.

ஜெனிவாவை எதிர்பார்த்துக் கைகட்டி இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் எம் கையில் உண்டு. உதவிப்பணமோ உரமானியமோ கடனோ மறுக்கப்பட்ட கமக்காரர், எந்தப் புள்ளிமுறையால் மறுக்கப்பட்டேன், அதை மனிதன் இட்டானா இயந்திரம் இட்டதா, இயந்திரமாயின் அதை விற்ற கொம்பனி எது என்று பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் தமிழில் எழுதிக் கேட்கலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்லியாக வேண்டும். மனுவை எழுதிக் கொடுக்க யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் உள்ள சட்டத்தரணிகள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குவார்களாயின், கிடைக்கும் பதில்களின் பிரதிகளை இப்பத்திரிகை வெளியிடும். மனுதாரரின் பெயரை மறைத்து அனுப்புக.